பழைய கோல்ஃப் திடல்: மீட்பதா, அடிமண்ணை மாற்றுவதா, புதிதாகப் போடுவதா?

சிறப்புப் பொதுக்கூட்ட அறிவிப்போடு மூன்று திட்டங்களும் ஒரே உறையில் வந்திருக்கின்றன, எதற்குக் கை தூக்குவது? இந்த இரண்டு மாதத்தில் நான்கு பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். மூவர் கோலாலம்பூர்ப் பக்கத்துக் கிளப்காரர்கள், ஒருவர் பினாங்கு. கிளப் வேறு வேறு, சங்கடம் ஒன்றுதான். திடலுக்கு வயதாகிவிட்டது. மாலையில் மழை கொட்டினால் மறுநாள் மத்தியானம் வரை கிரீன் (பந்தை உருட்டிக் குழியில் போடும், தாழ வெட்டிய புல்தரை) சொதசொதவென்று கிடக்கிறது. பழைய வடிவத்துக்கே திருப்பலாம் என்று ஒரு கட்சி, வடிவம் இருக்கட்டும் அடியில் உள்ளதை மாற்றுவோம் என்று இன்னொரு கட்சி, பெரிய பெயருள்ள வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்று மூன்றாவது கட்சி.

நான் வடிவமைப்பாளன் இல்லை. என் அப்பா ஒரு கிளப்பில் புல்வெட்டு மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தவர். அவர் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போய்ப் பந்து பொறுக்கிய பையன் நான். பிற்பாடு வேறொரு கிளப்பில் மெம்பராகி, திடல் கமிட்டியில் ஆறு வருடம் குப்பை கொட்டினேன். அதில் கற்றதும் பட்டதும்தான் இங்கே.

## முதலில் எதை வைத்து அளப்பது

வண்ணப் படங்களை ஓரமாக வையுங்கள். ட்ரோனில் எடுத்த மாதிரி வரைந்த படத்தில் எந்தத் திடலும் அழகாகத்தான் இருக்கும். நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

தண்ணீர். கோலாலம்பூரில் வருடத்துக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை. அதுவும் மெதுவாகப் பெய்வதில்லை; மூன்று மணிக்கு இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும். மழை நின்று எத்தனை மணி நேரத்தில் பகியை (திடலில் ஓட்டும் சிறு வண்டியை) ஃபேர்வேயில் (கிரீன்வரை போகும் நீண்ட புல்வெளியில்) இறக்கலாம் என்பதுதான் நம் ஊரில் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மூடும் காலம். ஒன்பது குழியாக (முதல் அடியிலிருந்து கிரீன்வரை உள்ள ஆட்டப் பகுதிக்கும் குழி என்றுதான் பெயர்) இரண்டு தவணையில் மூடுவதா, பதினெட்டையும் ஒரேயடியாகவா?

பிறகு ஆகும் செலவு. கட்டும் செலவைத் தாளில் போடுவார்கள். ஒரு பங்கருக்கு (மணல் நிரப்பிய பள்ளத்துக்கு) வருடம் பூராவும் எத்தனை ஆள் வேலை என்பதைப் போட மாட்டார்கள்.

யார் ஆடுகிறார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டீயில் (முதல் அடி அடிக்கும் மேடையில்) நிற்பவர்களைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தொலைக்காட்சியில் 300 கஜம் அடிப்பவனுக்காக இவர்கள் பணம் கட்ட வேண்டுமா?

பழையதில் காப்பாற்ற என்ன இருக்கிறது, அதற்கு ஆதாரம் உண்டா. பழைய வரைபடமோ, வான்வழிப் படமோ, கிளப் சுவரில் தொங்கும் புகைப்படமோ ஏதாவது வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் 'மீட்பு' என்பது வெறும் கற்பனைதான்.

முதல் அளவுகோலுக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், ஒரு காலை நான் பார்த்த காட்சிதான் காரணம். முந்தைய நாள் நல்ல மழை. ஏழாவது கிரீனில் குழி மாற்ற வந்த பணியாளர் கப் கட்டரை அழுத்தித் திருகி மண்ணை உருவி எடுத்தார். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அவ்வளவுதான் மண்ணும். மேலே இரண்டு விரல்கடை பச்சையும் மணலும். அதற்குக் கீழே கரி பூசினாற்போல் ஒரு கறுப்புப் பட்டை. மூக்கருகே கொண்டுவந்து காட்டினார். அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் போகாமல் தண்ணீர் தேங்கிய மண்ணில் கந்தக வாயு உண்டாவதால் வருவது அது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே புதுக் குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றது. அப்போது மீட்டிங் அறையில் எங்கள் கமிட்டி எதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது தெரியுமா? பதினெட்டாவது குழிக்கு முன்னால் நீர்வீழ்ச்சி வைப்பதைப் பற்றி.

## எல்லாவற்றையும் பட்டுத் தெளிந்த ஒரு திடல்

மூன்று வழியையும் அனுபவித்த திடல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் பைன்ஹர்ஸ்ட் ரிசார்ட்டின் இரண்டாம் எண் திடல். நம் கிளப் சண்டைகளுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பாஸ்டனில் சோடா இயந்திரம் செய்து பணக்காரரான ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் 1895இல் அந்த மணல்காட்டை வாங்கி ஓய்வூர் ஆக்கினார். 1900இல் ஸ்காட்லாந்தின் டோர்னாக்கிலிருந்து வந்த டொனால்ட் ராஸ் அங்கே கோல்ஃப் பொறுப்பேற்றார். இரண்டாம் திடல் 1907இல் பதினெட்டுக் குழியாகத் திறந்தது. ராஸ் அதோடு விட்டாரா என்றால் இல்லை. திடலின் ஓரத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1948இல் இறக்கும்வரை அதை மாற்றிக்கொண்டே இருந்தார். 1930களின் நடுப்பகுதி வரை அங்கே கிரீன்கள்கூட மணல்தான். அதன் பிறகே புல் வந்தது. பெரிய போட்டிகளும் அங்கே நடந்தன: 1936இல் பிஜிஏ சாம்பியன்ஷிப், 1951இல் ரைடர் கோப்பை.

1970இன் இறுதியில் டஃப்ட்ஸ் குடும்பம் ரிசார்ட்டை விற்றது. புதிதாக வந்தவர்களுக்குப் பச்சைதான் பெருமை. ஃபேர்வேயின் இருபுறமும் இருந்த மணலும் வயர்கிராஸ் என்ற முரட்டுப் புல் குத்துகளும் போய், வேலியிலிருந்து வேலிவரை பெர்முடா புல் வந்தது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, அன்றைய ரசனை அது. 1996இல் வடிவமைப்பாளர் ரீஸ் ஜோன்ஸ் கிரீன்களைப் புதுப்பித்தார். 1999இல் பெய்ன் ஸ்டூவர்ட் வென்ற யுஎஸ் ஓப்பன் அந்தப் பச்சைத் திடலில்தான் நடந்தது, 2005இலும் அப்படியே.

பிறகு 2010இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற வடிவமைப்பாளர்கள் இருவரையும் அழைத்து எல்லாவற்றையும் பின்னோக்கித் திருப்பினார்கள். 1943ஆம் வருட வான்வழிப் படங்கள் கைவசம் இருந்தன. சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்து எடுத்து மணலையும் வயர்கிராஸையும் மறுபடி கொண்டுவந்தார்கள். 1,150 தண்ணீர்த் தெளிப்பான்கள் 450 போல் ஆயின. பழையபடி ஃபேர்வேயின் நடுவே ஒரே வரிசைக் குழாய். தண்ணீர் எட்டாத ஓரம் தானாகக் காய்ந்து பழுப்பாகட்டும் என்று விட்டார்கள். 2011இல் திறந்தது. 2014இல் ஆண்கள், பெண்கள் இரு யுஎஸ் ஓப்பனும் அடுத்தடுத்த வாரம் அங்கே நடந்தன, கைமரும் மிஷெல் வீயும் வென்றார்கள். தொலைக்காட்சியில் பார்த்த பலர் திடல் காய்ந்துவிட்டதோ என்று கேட்டார்கள். 2024இல் அங்கே நடந்த யுஎஸ் ஓப்பனில் டிஷாம்போ கடைசிக் குழியில் பங்கரிலிருந்து அடித்த அடி எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதில் என் கண்ணில் படுவது ஒன்று. 1970களில் 'முன்னேற்றம்' என்று காசு கொடுத்துப் போட்ட புல்லை, நாற்பது வருடம் கழித்து மறுபடி காசு கொடுத்துப் பெயர்த்தார்கள்.

## வழி 1: பழைய வடிவத்தை மீட்பது

எதில் நல்லது. அசலே நல்லதாக இருந்து, ஆதாரமும் கையில் இருந்தால் இதற்கு ஈடில்லை. கோலாலம்பூரில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய பரம்பரை உள்ள திடல் ராயல் சிலாங்கூர். கிளப் தொடங்கியது 1893இல், இன்றைய இடத்துக்கு வந்தது 1921இல், பழைய திடலை வகுத்தவர் ஆங்கிலேயர் ஹாரி கோல்ட். 1962இல் முதல் மலேசிய ஓப்பன் அங்கேதான். அந்த மாதிரி இடத்தில் பங்கர் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று விசாரிக்காமல் மண்வெட்டி வைக்கக்கூடாது.

மறைந்திருக்கும் செலவு. எந்த வருடத்துக்கு மீட்பது? ராஸ் நாற்பது வருடம் மாற்றிக்கொண்டே இருந்தார் என்றால் 1907 அசலா, 1935 அசலா? பைன்ஹர்ஸ்ட்டில் மணலையும் ஓரத்தையும் 1940களுக்குத் திருப்பினார்களே தவிர, கிரீன்களின் மேட்டைப் பெரும்பாலும் தொடவில்லை. வருடக்கணக்கில் மணல் தூவித் தூவித்தான் அந்த மேடுகள் இவ்வளவு உயர்ந்தன என்று சொல்பவர்களும் உண்டு. ஆக மீட்பிலும் ஒருவர் உட்கார்ந்து எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்துதான் ஆகவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் கிளப்புக்குள் சண்டை வரும்.

அடுத்து மரம். பழைய வடிவம் என்றாலே நடுவில் வளர்ந்த மரங்களை எடுப்பது. கிரீனுக்குக் காலை வெயில் விழாமல் நிழல் கட்டும் மழைமரத்தை எடுக்காமல் புல் தேறாது. ஆனால் பெரிய மரத்தில் கை வைக்க மாநகர் மன்ற அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய அனுமதி, முப்பது வருடமாக அந்த மரத்தடியில் பகியை நிறுத்திக் காற்று வாங்கும் மெம்பர்களுடையது.

முக்கியமான எச்சரிக்கை இது: பைன்ஹர்ஸ்ட்டின் தோற்றத்தை இங்கே நகல் எடுக்காதீர்கள். அங்கே தரையே மணல். தண்ணீரை நிறுத்தினால் ஓரம் காயும், செலவு குறையும். இங்கே எதையும் நடாமல் சும்மா விட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் மணல் ஓரம் முழுக்க லாலாங் புல்லும் தொட்டாற்சுருங்கியும் மண்டும். அங்கே சிக்கனம் தரும் மணல் ஓரம், இங்கே தினமும் களை பிடுங்க நாலு ஆள் கேட்கும். வரலாற்றை மீட்கலாம், வேற்றூர் மண்ணை மீட்க முடியாது.

யாருக்கு. ஐம்பது அறுபது வருடத்துக்கு மேல் பழைய திடல், பெயருள்ள அசல் வடிவம், ஆதாரம், பொறுமையான மெம்பர்கள்.

## வழி 2: வடிவம் அப்படியே, அடிமண் புதிது

எதில் நல்லது. அந்த அழுகிய முட்டை நாற்றத்துக்கு மருந்து இதுதான். பழைய கிரீன்கள் பல, பக்கத்து மண்ணையே குவித்துத் தட்டிக் கட்டியவை. அப்பா காலத்தில் அதில் செராங்கூன் புல், ஃபேர்வேயில் மாட்டுப்புல் என்கிற கவ் கிராஸ். அகலமான இலை, பந்து அதில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் எந்த மழையிலும் சாகாது. இன்று எல்லோருக்கும் வேகமான கிரீன் வேண்டும். நுண்ணிய பெர்முடா வகையைத் தாழ வெட்டினால் அது பழைய களிமண்ணில் மூச்சுத் திணறும்.

அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 1960இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை: கீழே வடிகுழாய், அதன்மேல் நாலு அங்குலம் சரளை, அதற்கும் மேல் ஒரு அடி மணல் கலவை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரீன் சராசரி 500 சதுர மீட்டர் என்று வைத்தால் பதினெட்டுக்கும் 9,000. ஒரு அடி மணலுக்குச் சுமார் 2,700 கன மீட்டர். லோரிக்குப் பத்து கன மீட்டர் என்றால் 270 லோரி. அதாவது கிரீன்கள் ஒரு கிளப் தாங்கக்கூடிய வேலைதான். ஃபேர்வேக்கும் மணல் போர்த்துகிறோம் என்றால் கதை மாறும்: 12 ஹெக்டர், 15 சென்டிமீட்டர் மணல், 18,000 கன மீட்டர், 1,800 லோரி. மதிப்பீட்டுத் தாளில் 'ஃபேர்வே மேம்பாடு' என்ற ஒற்றை வரிக்குள் ஒளிந்திருப்பது இந்த 1,800 லோரிதான். பாதி கிளப்புகள் இங்கேதான் வழுக்கி விழுகின்றன.

என் யோசனை: கிரீன் பதினெட்டையும் செய்யுங்கள். ஃபேர்வேயில் மழை முடிந்ததும் நடந்து, தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் குச்சி நட்டு, அங்கே வடிகால் போடுங்கள். மிச்சத்துக்கு வருடா வருடம் மெல்லிசாக மணல் தூவினால் போதும்.

மறைந்திருக்கும் செலவு. புதுக் கிரீன் முதல் வருடம் தார்ச்சாலை மாதிரி கெட்டியாக இருக்கும். நல்ல ஷாட் குதித்துப் பின்பக்கம் ஓடும், திட்டு கமிட்டிக்குத்தான். மணல் கிரீனில் உரம் நிற்காது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பழைய ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும். இதையெல்லாம் விட, வெளியே பார்த்தால் ஒன்றும் மாறினாற்போல் தெரியாது. 'இத்தனை மில்லியன் எங்கே போயிற்று?' என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்க ஒருவர் நிச்சயம் இருப்பார்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று: கோலாலம்பூரைச் சுற்றிப் பல திடல்கள் பழைய ஈயச் சுரங்க நிலத்தின் மேலும், தோட்ட நிலத்தின் மேலும் நிற்பவை. 1999இல் டைகர் வூட்ஸும் ஓமியாராவும் கோல்ஃப் உலகக் கோப்பை வென்ற மைன்ஸ் திடல் பழைய ஈயச் சுரங்கம். சௌஜானா திடல் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம். சுரங்க நிலத்தில் ஒரே குழியில் டீ பக்கம் வெறும் மணலும், கிரீன் பக்கம் வெண்ணெய் மாதிரி சேறும் இருக்கலாம். பத்து இருபது இடத்தில் மண்ணைத் துளைத்துப் பார்க்காத மதிப்பீட்டை நம்பாதீர்கள்.

யாருக்கு. வடிவத்தின் மேல் யாருக்கும் குறையில்லை, மழைதான் குறை என்றால் இதுதான். என்னைக் கேட்ட நால்வரில் மூவருக்கு இதைத்தான் சொன்னேன்.

## வழி 3: எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாகப் போடுவது

எதில் நல்லது. சில நேரம் வேறு வழியே இருக்காது. ஸ்காட்லாந்தின் டர்ன்பெர்ரி ரிசார்ட்டை இரண்டாம் உலகப் போரில் விமானத்தளமாக்கினார்கள். திடல் மேல் கான்கிரீட் ஓடுபாதை. போருக்குப் பின் மெக்கென்ஸி ராஸ் (பைன்ஹர்ஸ்ட் ராஸ் வேறு) ஏறக்குறைய முதலிலிருந்து கட்டி 1951இல் திறந்த எய்ல்சா திடலில்தான் 1977 பிரிட்டிஷ் ஓப்பனில் வாட்சனும் நிக்லஸும் மோதினார்கள். பிறகு 2016இல் மார்ட்டின் ஈபர்ட் அதையும் மாற்றி, ஒன்பதாவதைக் கலங்கரை விளக்கத்தை நோக்கிக் கடலைத் தாண்டி அடிக்கும் பார் மூன்றாக்கினார் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி). பார்த்தவர்கள் அதைக் குறைசொல்லிக் கேட்டதில்லை. நெடுஞ்சாலைக்கோ ரயிலுக்கோ நிலம் போய்விட்டது, குழி ஒன்றன்மேல் ஒன்று இடிக்கிறது, பந்து பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைக்கிறது என்றால் புதிதாகத்தான் வகுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. நானே பட்டு அனுபவித்த வழி இது. என் பழைய கிளப்பில் (பெயர் வேண்டாம்) இதற்குத்தான் கை தூக்கினோம். பெரிய பெயருள்ளவர் வந்து போனது மொத்தம் மூன்று தடவை. இரண்டு புதுக் குளம் தோண்டினார்கள். தோண்டிய மண்ணை வீணாக்குவானேன் என்று அதையே பக்கத்து ஃபேர்வேயில் கொட்டிப் புல்டோசரால் அழுத்தினார்கள். களிமண்; செங்கல் மாதிரி இறுகிவிட்டது. மேலே புதுப் புல், கீழே தண்ணீர் இறங்க வழியில்லை. பத்து மாதம் என்றது பதினேழு மாதம் ஆயிற்று. அதற்குள் வேறு கிளப்புக்குப் போய்ப் பழகியவர்கள் திரும்பி வரவில்லை. பங்கர் 48 ஆக இருந்தது 91 ஆயிற்று. ஒரு பெருமழை அடித்தால் செங்குத்தான பங்கர் முகமெல்லாம் சரிந்து மணல் அடியில் குவியும். மறுநாள் முழுக்க ஆட்கள் மண்வெட்டியோடு அதை மேலே ஏற்றுவார்கள். அடுத்த நாள் மறுபடி மழை.

பன்னிரண்டாவது குழியில் தண்ணீரைத் தாண்டி 150 கஜம் அடித்தே ஆகவேண்டும். என் கூட்டாளி ஒருவர், அப்போது எழுபத்திரண்டு வயது, அந்த டீயில் நின்று, 'தம்பி, இந்தக் குளத்துக்கு நான் மாதம் எத்தனை பந்து சந்தா கட்டுறது?' என்றார். ஆறு மாதத்தில் ஆடுவதை விட்டுவிட்டார்.

யாருக்கு. நிலம் இழந்த கிளப், ஆபத்தான நெருக்கம் உள்ள திடல், வெளியூர்க்காரர்களை வரவைத்துத்தான் பிழைக்க வேண்டிய ரிசார்ட். மெம்பர் பணத்தில் ஓடும் கிளப் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | மீட்பு | அடிமண் புதிது | முழுப் புதிது |
|---|---|---|---|
| மழைக்குப் பின் | வடிகாலும் சேர்த்தால்தான் பலன் | மிக நல்லது | மண் வேலையைப் பொறுத்தது |
| மூடும் காலம் | ஒன்பது ஒன்பதாக முடியும் | ஒன்பது ஒன்பதாக எளிது | பெரும்பாலும் முழு மூடல் |
| பின்செலவு | களை, கை வேலை | உரம், பயிற்சி | பங்கர், குளம், பம்ப் |
| வயதான மெம்பர் | பழகிய ஆட்டம் | பழகிய ஆட்டம் | டீ இடத்தைப் பொறுத்தது |
| ஒளிந்திருப்பது | எந்த வருடம் என்ற சண்டை | ஃபேர்வே மணல் லோரி | போன மெம்பர் திரும்பாமை |

நாலாவது வழி ஒன்று தாளில் இல்லை: இப்போதைக்குச் சும்மா இருப்பது. கிளப்பின் நிலக் குத்தகை இன்னும் சில வருடத்தில் முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை என்றால் அதுதான் சரி. முன் டீ நாலைந்து போடுங்கள், நிழல் மரக் கிளையைக் கழியுங்கள், அடைத்த லோங்காங்கை (வடிகால் வாய்க்காலை) தோண்டுங்கள். சில ஆயிரங்களில் முடியும். பினாங்கு நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். 1864இல் தொடங்கிய குதிரைப் பந்தயக் கிளப்பையே 2024இல் மெம்பர்கள் ஓட்டுப்போட்டுக் கலைக்க முடிவெடுத்த தீவு அது. அங்கே நிலத்தின் விலை, புல்லின் விலையை எப்போதோ தாண்டிவிட்டது.

## கூட்டத்தில் கேட்க

மண் துளைப்பு அறிக்கை எங்கே? வடிகால் வரைபடம், இருப்பதும் போடப்போவதும், தனித்தனியாக இருக்கிறதா? வடிவமைப்பாளர் எத்தனை நாள் திடலில் நிற்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? புது பங்கர்களுக்கு எத்தனை ஆள் கூடுதல், அவர்கள் சம்பளம் எந்தத் தலைப்பில்? தாமதமானால் மாதச் சந்தாவில் கழிவு உண்டா?

இவை போதும். மேடையில் இருப்பவர் முதல் கேள்விக்கே பக்கத்திலிருப்பவரைப் பார்த்தால், ஓட்டெடுப்பை ஒத்திவைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டு வாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. நல்ல மழை பெய்த மறுநாள் காலை ஆறரைக்குப் போய், குழி மாற்ற வரும் பணியாளரிடம் கேட்டு அந்த ஒரு பிடி மண்ணை முகர்ந்து பாருங்கள். முடிந்தால் கமிட்டித் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தே தாரிக் குடிப்பதற்கு முன்னால் போவது நல்லது.